ஏழாவது நிரை

சுங்கை காடுட் கடையில் மோகனா ஏழாவது ரேக்கை அடுக்கி முடிக்கும் ஒவ்வொரு முறையும், சுவாவில் பூட்டிக் கிடக்கும் அவள் வீடு கலைந்துபோகும். கடைக்கு வந்த யாரோ ஒருவர் சோப்புக் கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டுப் போயிருப்பார். மோகனா அதை எடுத்து சோப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைப்பாள். அதே நேரத்தில் அவள் வீட்டுக் குளியலறைச் சோப்பு இடம் மாறி அடுக்களைத் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்கும் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். 2024 ஜனவரி மூன்றாம் தேதி, ஒரு புதன்கிழமை தொடங்கிய இந்தக் காரியத்தை அவள் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், வீட்டைக் கூட்டிப் பெருக்கச் சோம்பல்பட்டவள் கட்டிய கதை என்றுதான் மேனேஜர் மரியகொரெட்டி நினைத்திருப்பாள்.

மரியகொரெட்டிக்கு ஐம்பத்தொரு வயது. கடை திறந்த நாளிலிருந்து அவள்தான் மேனேஜர். சுற்றிலும் தொழிற்சாலைகள். ஷிப்ட் மாறும் நேரத்தில் முந்நூறு பேர் ஒன்றாக உள்ளே நுழைவார்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் வெளியேறியதும் கடை கல்யாண வீட்டு அடுக்களை மாதிரி கிடக்கும். அரிசிப் பைக்கு மேல் உள்ளாடை, பிஸ்கட்டுக்கு நடுவில் உறைந்த கோழி, ஒரு கால் சப்பாத்து இங்கே, அதன் ஜோடி வேறெங்கேயோ. ஒன்பது வேலையாட்களை வைத்துக்கொண்டு அவள் ஓடி ஓடி அடுக்கினாள். ஆனாலும் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்டீவன் என்ற ஏரியா மேனேஜர் வந்து மார்க் போட்டபோது, முதல் தடவை அறுபத்தொன்று, அடுத்த தடவை ஐம்பத்தெட்டு. இன்னும் ஒரு தடவை எண்பதுக்குக் கீழே போனால் கடையை மூடிவிடுவதாகக் கடிதம் வந்தது. கொரெட்டி அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

கண் இருக்கிற மனிதர்களுக்கு எடுத்த சாமானை எடுத்த இடத்தில் ஏன் வைக்கத் தெரியவில்லை என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவர் ஆம்புரோஸுக்கு 2018இல் சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒரு காலத்தில் தோட்டத்துப் பந்தாட்டங்களுக்கெல்லாம் விசில் ஊதிய நடுவர் அவர். பார்வை போன வாரமே கொரெட்டி செனவாங்கிலிருந்த தங்கள் வீட்டு நாற்காலி, கட்டில், தண்ணீர்க் கூஜா, சீப்பு எல்லாவற்றுக்கும் ஓர் இடம் குறித்தாள். ஆறு வருஷத்தில் ஒரு கரண்டிகூட நகரவில்லை. ஆம்புரோஸ் வீட்டுக்குள் கோல் இல்லாமல் நடந்தார். வாசலிலிருந்து நாற்காலிக்குப் பதினொரு அடி, நாற்காலியிலிருந்து கூஜாவுக்கு ஏழு. விருந்தாட்கள் வந்து நாற்காலியை நகர்த்திவிடுவார்கள் என்று பயந்து அவள் யாரையும் வீட்டுக்கு அழைப்பதையே விட்டுவிட்டாள்.

கடைக்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு நிரை உண்டு. அந்த நிரையில் சிந்திய பாலும் அவனைச் சேரும், முளைத்த புல்லும் அவனைச் சேரும். அடுத்தவனைக் கைகாட்ட முடியாது. அதையே கடைக்குக் கொண்டுவந்தாள். காலை எட்டரைக்குக் கதவைத் திறக்கும் முன்பு எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, தோட்டத்தில் செய்வது போலவே பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்த்தாள். ஜனவரி மூன்றாம் தேதி வெள்ளை டேப்பில் கொட்டை எழுத்தில் பேர் எழுதி ஒவ்வொரு ரேக்கின் முனையிலும் ஒட்டினாள். அரிசி பருப்பு இருந்த இரண்டாவது ரேக் ராமகிருஷ்ணனுக்கு. சப்பாத்து இருந்த ஐந்தாவது ரேக் ஃபெலிசியாவுக்கு. தட்டு, கண்ணாடிக் கிளாஸ், கத்தி, சோப்பு, துடைப்பம் என்று வீட்டுச் சாமான் மொத்தமும் இருந்த ஏழாவது ரேக் மோகனாவுக்கு. "இனிமே இது ரேக் இல்ல, ஒங்க நிரை. ஒங்க நிரையில விழுந்தது எல்லாம் ஒங்களுக்குதான்," என்றாள். ஒன்பது பேரும் தோட்டத்து வம்சம் என்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ரேக்குகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அன்று முதல் கடை நின்ற இடத்தில் நின்றது. கலைத்தால் ஒரு கை பட்டதும் சரியாயிற்று, சரியானது அப்படியே இருந்தது. பிப்ரவரியில் ஸ்டீவன் எண்பத்து நான்கு போட்டுவிட்டுப் போனார். கொரெட்டி பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த சோதனை மே ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

சுவாவில் மோகனாவின் நிலைமை வேறு. அவள் தங்கை போன வருஷம் சிரம்பான் சாலையில் மோட்டார் விபத்தில் இறந்துபோனாள். தங்கை மகள் லோஷினிக்கு ஆறு வயது. அப்பன் யாரென்று கேட்காமல் மோகனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சட்டப்படி பிள்ளை அவளிடம் இருக்க வேண்டுமென்றால், நல அதிகாரி வந்து வீட்டைப் பார்த்து, பிள்ளை வளரத் தகுந்த இடம் என்று எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் லோஷினி அநாதை இல்லத்துக்குப் போவாள். வீடோ, தினமும் முந்நூறு பேர் புகுந்து வெளியேறியது போலக் கிடந்தது. பள்ளிச் சீருடை அரிசிப் பானைக்குள் இருந்தது. கத்தி தலையணைக்கடியில் வந்தது. லோஷினியின் பிறப்புப் பத்திரம் பிப்ரவரியில் காணாமல் போனது, கிடைக்கவே இல்லை. மோகனா காலை நான்கரைக்கு எழுந்து அடுக்கிவிட்டு வேலைக்குப் போவாள், சாயந்திரம் வந்தால் மறுபடியும் அதே கோலம். இரண்டு தடவை அதிகாரியிடம் சாக்குச் சொல்லி நாள் மாற்றினாள். மூன்றாவதாக அவர்கள் குறித்த நாள் மே ஒன்பது, காலை பதினொரு மணி. இனிமேல் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயம் வெளியே வந்தது மே ஆறாம் தேதி. மோகனா காய்ச்சலில் எம்சி என்ற மருத்துவ லீவு எடுத்து வீட்டில் படுத்திருந்தாள். ஏழாவது ரேக்கை அன்று ஃபெலிசியா அடுக்கினாள். மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, பாயில் படுத்திருந்த மோகனாவின் கண் முன்னாலேயே தட்டுகள் அலமாரியிலிருந்து இறங்கி, துணிக்கூடைக்குள் ஒவ்வொன்றாகப் போய் இறங்கின. லோஷினி கைதட்டிச் சிரித்தாள். மோகனா போனை எடுத்து கொரெட்டியை வீடியோவில் கூப்பிட்டாள்.

"அக்கா, பாருங்கக்கா. நான் ஒண்ணையும் தொடல. புள்ளயும் தொடல."

கொரெட்டி ஏழாவது ரேக்குக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். சலவைத்தூளுக்கு மேல் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு துடைப்பத்தை எடுத்து அதன் இடத்தில் மாட்டினாள். போனில், சுவா வீட்டுத் துடைப்பம் மூலையிலிருந்து கிளம்பிப் போய் துணி துவைக்கும் வாளிக்கு மேல் குறுக்காகப் படுத்தது. இன்னொரு துடைப்பத்தை எடுத்து மாட்டிப் பார்த்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவதாக ஒரு கத்தியை எடுத்தவள், போனில் லோஷினி ஓடுவதைப் பார்த்ததும் கத்தியை அதன் இடத்தில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். அடுக்குகிறது யார் என்பது கணக்கில்லை, பேர் யாருடையதோ அவர் வீட்டுக்குத்தான் கலைச்சல் போகிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது. இந்த நான்கு மாதத்தில் மோகனா தாமதமாக வந்த ஏழு நாளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவள் அவள்தான்.

மறுநாள் பெரட்டில் கேட்டபோது மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். "எங்க வீட்ல எல்லா சப்பாத்தும் எடது காலாவே இருக்குக்கா. நைஜல் ரெண்டு மாசமா சிலிப்பர் போட்டுக்கிட்டுதான் வேலைக்குப் போறாரு," என்றாள் ஃபெலிசியா. நைஜல் அவள் புருஷன். ராமகிருஷ்ணன் வீட்டில் சீனி டப்பாவில் துவரம்பருப்பு ஏறி, உப்பு ஜாடியில் ரவை ஏறி, கோப்பியில் மிளகுத்தூள் விழுந்திருக்கிறது. அவர் மனைவி விமலாவோடு சண்டை போட, விமலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோலா கிளாவாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்த அன்றைக்கே அவர் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். விமலா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

பேரைக் கிழித்துவிட்டால் போயிற்று என்று செவ்வாய்க்கிழமை ஏழாவது ரேக்கிலிருந்து மோகனாவின் பேரை உரித்துப் பார்த்தார்கள். நான்கு மாதமாகச் சுவாவுக்குப் போன கலைச்சல் மொத்தமும் திரும்பி வந்து ரேக்கில் இறங்கியது. பத்து நிமிஷத்தில் நாற்பத்திரண்டு கண்ணாடிக் கிளாஸ் உடைந்தது. பேரைத் திரும்ப ஒட்டியதும் அடங்கியது. வேலையை விட்டுப் போன ஒருவனின் பேரை எழுதி ஒட்டினார்கள். டேப் நழுவி விழுந்தது. ராமகிருஷ்ணன் பிறக்காத ஓர் ஆளின் பேரை யோசித்து எழுதினார், அதுவும் விழுந்தது. கம்பெனியில் இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறவர் பேர் மட்டும்தான் ஒட்டியது. கொரெட்டி தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு சோதனையை ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். எதற்கு என்று கேட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றும் புதன்கிழமையும் அவள் சாப்பிடவே இல்லை.

வியாழக்கிழமை காலை மோகனா லீவில் இருந்தாள். பெரட்டில் எட்டுப் பேர் நின்றார்கள். கொரெட்டி கையில் டேப்பும் மார்க்கரும் வைத்துக்கொண்டு, மோகனா சொன்ன அதிகாரி விஷயத்தையும் சேர்த்து நிலைமையைச் சொன்னாள். ஏழாவது நிரையில் மோகனா பேர் இருந்தால் பதினொரு மணிக்குப் பிள்ளை போய்விடும். பேர் இல்லாவிட்டால் பத்து மணிக்குக் கடை போய்விடும். வேறு யாராவது தன் பேரைக் கொடுக்க வேண்டும். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஒரு நிரை ஏற்கனவே வீட்டில் கிடந்தது. ஃபெலிசியாதான் மெதுவாக, "ஸ்டீவன் சார் பேர எழுதுங்கக்கா லா. அவரும் சம்பளம் வாங்கறவருதான," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "நல்ல யோசனதான் மா," என்றார்.

கொரெட்டி டேப்பில் முதல் எழுத்தை எழுதியேவிட்டாள். பிறகு நிறுத்தினாள். கம்பெனி விருந்தில் ஒருமுறை ஸ்டீவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் தேய்ந்த கிழவி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அந்த வீட்டுத் தரையில் கத்தியும் கண்ணாடியும் இறங்குவதை அவளால் நினைக்க முடியவில்லை. தன் வீட்டுத் தரையையும் நினைத்தாள். வாசலிலிருந்து பதினொரு அடி. அங்கிருந்து ஏழு. அவளுக்கு அழுகை வந்தது, எட்டுப் பேர் பார்க்க அழுதாள். பிறகு அந்தத் துண்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, வேறு துண்டில் தன் முழுப் பேரையும் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"நாக்காலியிலதான். பசியாறிட்டேன். என்னா ஒன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. காலத் தூக்கி மேல வச்சுக்குங்க. என்னா ஏதுன்னு சாயந்திரம் சொல்றேன்."

எட்டு ஐம்பதுக்கு மோகனாவின் பேரை உரித்து, அந்த இடத்தில் தன் பேரை ஒட்டி, கட்டை விரலால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாள்.

அதே எட்டு ஐம்பதுக்குச் சுவாவில், வாளியும் கையுமாக நின்ற மோகனாவைத் தாண்டிக்கொண்டு சாமான்கள் வீடு திரும்பின. தட்டுகள் அலமாரிக்கு ஏறின, சீருடை தானாக மடிந்தது, கரண்டிகள் சிறியது பெரியதாக வரிசை பிடித்தன. பிறப்புப் பத்திரம் மேசை மேல், வளைந்த முனை நிமிர்ந்து கிடந்தது. பதினொரு மணிக்கு வந்த அதிகாரி அம்மா அலமாரியைத் திறந்து பார்த்தாள், பிள்ளையின் படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள், தேத்தண்ணி குடித்தாள். "ரூமா கெமாஸ்," என்று மலாயில் சொல்லி, வீடு ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லோஷினி சாமான்கள் எப்படி நடந்து வந்தன என்று அந்த அம்மாவிடம் விலாவாரியாகச் சொன்னாள். நல்ல கற்பனை உள்ள பிள்ளை என்று அதிகாரி அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனாள்.

கடையில் ஸ்டீவன் பத்து மணிக்கு வந்து, ஒவ்வொரு ரேக்காக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தார். கொரெட்டி அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். ஏழாவது ரேக்கில் ஒரு வாடிக்கையாளர் கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சோப்புக்கிடையில் வைத்தார். அதைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டியவள் கொரெட்டி. எடுத்து வைத்தாள். பதினொன்றரைக்குக் கழிவறைக்குள் போய் வீட்டுக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குப் போட்டாள், எடுக்கவில்லை. போன் எப்போதும் நாற்காலியின் வலது கைப்பிடியில் இருக்கும், இரண்டாவது மணி அடிக்கும் முன்பே எடுத்துவிடுவார். ஒரு மணிக்கு ஸ்டீவன் தொண்ணூற்று மூன்று போட்டு, கைகுலுக்கி, "மத்த கிளைக்காரங்கள இங்க அனுப்பறேன், வந்து கத்துக்கட்டும்," என்றார். அவர் ஏழாவது ரேக்கில் மேனேஜர் பேர் ஏன் இருக்கிறது என்றும் கேட்டார். என்ன பதில் சொன்னோம் என்று கொரெட்டிக்குப் பிற்பாடு நினைவு வரவில்லை. அவர் கார் கிளம்பியதும், ஷிப்ட் மாறும் நேரத்தில் கடையை விட்டுப் போகாத மேனேஜர், ஏழு வருஷத்தில் முதல் முறையாக ராமகிருஷ்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

செனவாங் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. பின்னால் பாய் சுருண்டு கிடந்தது. நான்கு மாதக் கலைச்சல் ஒரே காலையில் வந்து இறங்கியிருந்தது. நாற்காலி குளியலறை வாசலில் கவிழ்ந்து கிடந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. தரையெல்லாம் தட்டு, துணி, சிலுவை, சீப்பு, செய்தித்தாள். உடைந்த கூஜாவின் பக்கத்தில் நான்கைந்து சொட்டு ரத்தம் இருந்தது. "என்னாங்க!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

பதிலுக்கு அடுக்களையிலிருந்து விசில் சத்தம் வந்தது. நீளமாக, ஆட்டம் முடிந்ததற்கு ஊதுவது போல.

ஆம்புரோஸ் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது பெருவிரலில் கைலித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். நெற்றியில் ஒரு வீக்கம். வாயில் அந்தப் பழைய நடுவர் விசில். அரிசி வாளிக்குள் கை விட்டபோது கிடைத்ததாம். கொரெட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், டேப்பை, பிள்ளையை, ஸ்டீவனை, தான் எழுதியதை.

"புள்ள இருக்குதா மோகனாகிட்ட?" என்று கேட்டார்.

"இருக்குது. கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்."

"அப்பறம் என்னாத்துக்கு அழுவுற? நீ எந்திரிக்காதன்னு சொன்ன, நான்தான் எந்திரிச்சேன். என்னா நடக்குதுன்னு பாக்கணும் போல இருந்துச்சி." விசிலைச் சட்டையில் துடைத்தார். "ஆறு வருஷமா பதினொரு அடி, ஏழு அடின்னு நடந்தேன் கொரெட்டி. ஒண்ணுலயும் இடிக்கல. யாரும் இல்லாத வீட்ல நடக்கற மாதிரியே இருக்கும். இன்னிக்குக் கைய வச்ச எடமெல்லாம் என்னாவாச்சும் இருந்துச்சி."

கொரெட்டி கத்திகளைத் தேடி எடுத்து முதலில் பூட்டி வைத்தாள். பிறகு ஆம்புரோஸ், "மத்தவங்க வீட்டுக் கலைச்சலும் எட்டு இருக்குதுன்னு சொன்னல்ல?" என்று கேட்டார். "கொண்டாந்துரு. அந்த நைஜல் பாவம், எத்தன நாளைக்கு சிலிப்பர்ல போவான்."

அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டில் ஒன்பது ரேக்கிலும் மரியகொரெட்டி என்ற ஒரே பேர் ஒட்டப்பட்டது. விமலா அந்த வாரமே கோலா கிளாவாங்கிலிருந்து வந்துவிட்டாள். கடை இன்றைக்கும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. மற்ற கிளைக்காரர்கள் வந்து பார்த்து, ரேக்குகளை அளந்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. செனவாங் வீட்டில் கத்தியும் கண்ணாடியும் பூட்டுக்குள் இருக்கின்றன. மற்றவை தங்கள் இஷ்டம் போல இருக்கின்றன. ஞாயிறு பூசைக்குப் பிறகு வேலையாட்களில் யாராவது இரண்டு பேர் வந்து அடுக்கிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். லோஷினி வந்தால் ஆம்புரோஸோடு சேர்ந்து சாமான் தேடுவாள். எடுத்தவர் விசில் ஊத வேண்டும். சாயந்திரம் கொரெட்டி வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, அன்றைக்குக் கடையில் எந்த நிரையில் கூட்டம் என்பதை, கையில் தட்டுப்பட்ட சாமான்களை வைத்தே ஆம்புரோஸ் அவளுக்கு முந்திச் சொல்லிவிடுகிறார். கடையில் கூட்டம் பெருகும் பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும், சாமான் காலில் இடிக்காமலிருக்க அவர் வீட்டுக்குள்ளும் சப்பாத்துப் போட்டுக்கொள்கிறார், இரண்டும் இடது கால்தான்.